மேற்பார்வையாளர் இல்லாத பரீட்சை

பரீட்சை மண்டபம் ஒன்றினுள் நுழைவோர் கண்ணில் முதலிற் படுவது அதன் ஒழுங்கு. மேசைகள் போதிய இடைவெளி விட்டு வரிசையாகப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு மேசையிலும் சுட்டெண் ஒட்டப்பட்டிருக்கும். புத்தகங்களும் கொப்பிகளும் வாயிலுக்கு வெளியே குவிந்து கிடக்கும். மேற்பார்வையாளர் ஒருவர் ஓசையின்றி உலாவிக்கொண்டிருப்பார். இவ்வளவு ஏற்பாடும் ஒரே ஒரு வினாவுக்கு உறுதியான விடை பெறுவதற்காகச் செய்யப்படுவது. தாளில் எழுதப்பட்டிருப்பது அந்த மாணாக்கரின் சொந்த எழுத்துத்தானா என்பதே அவ்வினா. மண்டபத்தையும் மேற்பார்வையாளரையும் நீக்கிவிட்டு, மாணாக்கரைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே எழுதும்படி விட்டுவிட்டால், அவ்வினாவுக்கு எவ்வாறு விடை காண்பது? தொலைவிலிருந்து கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரையும், சிறப்பாக ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரை, இன்று வாட்டும் பிரச்சினை இதுவே.

பரீட்சையில் வஞ்சகம் புதிய நோயன்று. சீனதேசத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் தெரிவதற்காகப் பன்னூறு ஆண்டுகளாகப் பரீட்சைகள் நடைபெற்றன. 960 முதல் 1279 வரை ஆண்ட சோங் அரச வம்சத்தினர் காலத்தில், விடைத்தாளில் எழுதியவரின் பெயர் மறைக்கப்பட்டது. கையெழுத்தைக் கொண்டு பரீட்சகர் ஆளை அடையாளம் கண்டுவிடாதபடி, எழுத்தர்களைக் கொண்டு விடைகள் முழுவதும் வேறு தாளிற் பெயர்த்தெழுதப்பட்டன. அவ்வளவு காவல் இருந்தும், உள்ளாடையில் நுண்ணெழுத்தாகப் பாடங்களை எழுதி அணிந்து சென்றவர்கள் அந்நாட்டில் இருந்தனர். காவல் பெருகப் பெருக, அதனைக் கடக்கும் உபாயமும் பெருகிற்று.

தொலைக்கல்வியும் புதியதன்று. இங்கிலாந்தில் ஐசக் பிற்மன் என்பார் 1840ஆம் ஆண்டிலேயே தபால் மூலம் சுருக்கெழுத்துக் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல், தன் வாயிலையே மிதியாத மாணாக்கருக்கும் பட்டம் பெறும் வழியைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணாக்கரும், 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் பட்டத்துக்கே படித்தனர். ஆயினும் இந்த ஏற்பாடுகளில் ஒரு நியதி இருந்தது. பாடம் கடல் கடந்து வரலாம். படிப்பு வீட்டிலே நடக்கலாம். பட்டத்துக்குரிய பரீட்சை மட்டும் மேற்பார்வையாளர் கண்முன்னே நடக்கவேண்டும்.

இந்த நியதி 2020ஆம் ஆண்டில் உடைந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காரணமாக உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணாக்கர் பாடசாலை செல்ல முடியாத நிலை எய்தினர். இலங்கைப் பாடசாலைகள் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்தன. ஒப்படைகள் வாட்ஸப்பில் அனுப்பப்பட்டன. மாணாக்கர் தாளில் எழுதியதைப் படம்பிடித்து அவ்வழியே திருப்பி அனுப்பினர். போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் 2021ஆம் ஆண்டில், தொலைபேசிக்கு அலை கிடைக்கும் பாறையுச்சியை நாடிக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து சென்றமை உலகச் செய்தியாயிற்று. கல்வியின்மேல் அத்துணை வேட்கை கொண்ட பிள்ளைகள் இருந்த அதே காலத்திலேதான், நாற்பது பேர் கொண்ட வகுப்பிலிருந்து ஒரே பிழையுடன் கூடிய பத்து விடைத்தாள்கள் வந்து சேர்வதையும் ஆசிரியர்கள் கண்டனர்.

மற்றப் பாடங்களிலும் இத்தொல்லை உண்டு. எனினும் ஆங்கிலத்தில் அது இரட்டிப்பாகின்றது. சரித்திரப் பாடத்தில் மாணாக்கர் பிறர் உதவியோடு வாக்கியத்தைத் திருத்திக்கொண்டாலும், செய்தி அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆங்கிலப் பாடத்திலோ வாக்கியமே சோதிக்கப்படும் பொருள். அதனை அண்ணன் எழுதிக் கொடுத்தாலும், தனியார் வகுப்பு ஆசிரியர் எழுதிக் கொடுத்தாலும், மொழிபெயர்ப்புப் பொறி எழுதிக் கொடுத்தாலும் சோதனை வெறுமையாகிவிடும். 2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி வெளிவந்த பின்னர், அண்ணனும் தேவையில்லை, தனியார் வகுப்பும் தேவையில்லை என்றாயிற்று. 'என் கிராமம்', 'மழைநாள்', 'நூல்நிலையத்தின் பயன்' என்று காலங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் கட்டுரைத் தலைப்புகளுக்கு அப்பொறி ஒரு நிமிடத்திற்குள் இலக்கணப் பிழையற்ற கட்டுரையை எழுதி நீட்டிவிடும்.

இந்நிலையில் ஆசிரியர் செய்யத்தக்கது யாது? மாணாக்கர் ஏன் வஞ்சிக்கின்றனர் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஹாட்ஷோர்ன், மே என்னும் இருவர் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளிடம் பலவகைச் சோதனைகள் நடத்தித் தம் முடிவுகளை 1928ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்டனர். ஓரிடத்தில் நேர்மை தவறிய பிள்ளை வேறோரிடத்தில் நேர்மையாய் நடந்துகொள்வதை அவர்கள் கண்டனர். நேர்மை என்பது சில பிள்ளைகளிடம் மட்டும் குடிகொண்டு, ஏனையோரிடம் அறவே இல்லாத பண்பு என்று கொள்வதற்கு இடமில்லை. சூழ்நிலைக்கு அதிற் பெரும் பங்குண்டு என்பது அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. 1964ஆம் ஆண்டில் வில்லியம் பவர்ஸ் என்பார் 99 அமெரிக்கக் கல்லூரிகளைச் சேர்ந்த 5,000க்கு மேற்பட்ட மாணாக்கரை விசாரித்தபோது, நால்வரில் மூவர் அளவில் ஒருமுறையேனும் ஏதேனும் ஒரு வகையில் நேர்மை தவறியதாக ஒப்புக்கொண்டனர். அவர்கள் அனைவரையும் தீயோர் என்று தள்ளிவிட இயலாது.

எத்தகைய சூழ்நிலை வஞ்சகத்தை வளர்க்கின்றது என்பதை ஜேம்ஸ் லாங் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தொகுத்துக் கூறினார். கற்றலைவிடப் புள்ளிக்கே மதிப்புக் கொடுக்கப்படுதல், ஒரே பரீட்சையில் அனைத்தும் தங்கியிருத்தல், பாடத்தில் உள்ளார்ந்த ஆர்வம் இன்மை, முயன்றாலும் வெற்றி கிட்டாது என்னும் அவநம்பிக்கை ஆகிய நான்கும் சேருமிடத்தில் வஞ்சகம் செழிக்கும். இந்த நான்கையும் ஆசிரியர் ஓரளவுக்கேனும் மாற்றியமைக்கலாம். வினாத்தாளைத் தயாரிக்கும்போதே அந்த வேலை தொடங்கிவிடுகின்றது.

முதலாவதாக, அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்ததைப் பற்றி வினவுதல் நன்று. 'என் கிராமம்' என்னும் தலைப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எவரும் எழுதலாம், எந்திரமும் எழுதலாம். அதனை விடுத்து, 'மாலை நான்கு மணிக்கு உன் வீட்டுப் படலையடியிற் பத்து நிமிடம் நின்று, அவ்வழியே சென்றவர்களையும் சென்றவற்றையும் பற்றி ஆறு வாக்கியம் எழுது' என்று கேட்டால் நிலைமை மாறுகின்றது. அந்தப் பத்து நிமிடத்தைக் கண்டவர் அந்தப் பிள்ளை ஒருவரே. இறந்தகால வினையும், தொடர்வினையும் அதில் இயல்பாகவே வந்துவிடும். அதுபோல, பாட்டியிடம் அவருடைய பள்ளிக்கூட நாள்களைப் பற்றித் தமிழில் ஐந்து கேள்வி கேட்டு, அவர் சொன்னவற்றை ஆங்கிலத்தில் அயற்கூற்றாக எழுதும்படி பணிக்கலாம். பிறர் கூற்றை எடுத்துரைக்கும் இலக்கணம் அதனாற் பயிற்சியாகும். சந்தையில் மூன்று மரக்கறிகளின் விலையைச் சென்ற வாரத்து விலையோடு ஒப்பிட்டெழுதும்படி பணித்தால், ஒப்பீட்டுச் சொற்கள் பயிற்சியாகும். பாட்டியின் சொல்லையும் அயலூர்ச் சந்தை விலையையும் எந்தப் பொறியும் தானாக அறியாது. பிள்ளை அவற்றைத் தேடிச் சென்று, மனத்தில் ஒழுங்குபடுத்தும்போதே பாதிக் கட்டுரை பிறந்துவிடுகின்றது.

இரண்டாவதாக, முடிந்த கட்டுரைக்கு மட்டும் புள்ளி வழங்கும் வழக்கத்தைத் தளர்த்துதல் வேண்டும். பத்துப் புள்ளியில் இரண்டு புள்ளியைக் குறிப்புகளுக்கும், இரண்டு புள்ளியை முதற்படிக்கும், மூன்று புள்ளியை ஆசிரியர் சுட்டிய பிழைகளைத் திருத்திய முறைக்கும், எஞ்சிய மூன்று புள்ளியை இறுதிப்படிக்கும் வகுத்துக்கொள்ளலாம். அடித்தலும் திருத்தலும் நிறைந்த கொப்பிப் பக்கத்தையே படம்பிடித்து அனுப்பும்படி கூறலாம். அழகாக எழுதப்பட்ட தாளைக் காட்டிலும், மூன்று இடத்தில் அடித்துத் திருத்தப்பட்ட தாளுக்கு அதிக மதிப்புண்டு என்று பிள்ளைகள் அறியும்போது, பிழையைப் பற்றிய அச்சம் குறையும். குறிப்பையும் முதற்படியையுங்கூடப் பொய்யாக உண்டாக்கலாமே என்று சிலர் வினவக்கூடும். உண்டாக்கலாம். ஆனால் பொய்யான குறிப்பையும், பொய்யான பிழைகளையும், பொய்யான திருத்தங்களையும் சோடிப்பதற்கு எடுக்கும் பிரயாசை, நேர்மையாக எழுதும் பிரயாசைக்கு ஏறக்குறைய வந்துவிடும். வஞ்சகத்தின் இலாபம் அங்கே கரைந்துவிடுகின்றது.

மூன்றாவதாக, எழுத்தோடு பேச்சையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலம் பேசுவதற்கும் உரிய மொழி. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரோடும் மூன்று நிமிடம் தொலைபேசியிற் பேசுவதானால் 120 நிமிடம் ஆகும். வாரத்துக்குப் பத்துப் பேர் என்று வகுத்துக்கொண்டால், வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். ஒரு மாதத்தில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். இதற்கு இணையமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. சாதாரணத் தொலைபேசி போதும். 'படலையடியிற் கண்ட அந்தச் சைக்கிள்காரர் யார்? அவர் எங்கே போனார்?' என்று ஆசிரியர் இயல்பாகக் கேட்டால், எழுதிய பிள்ளை தட்டுத்தடுமாறியேனும் பதில் சொல்லும். பொலிசு விசாரணை போன்று தோன்றாமல், கட்டுரையைப் படித்து மகிழ்ந்த ஒருவரின் உரையாடல்போல் அது அமைதல் அவசியம்.

நான்காவதாக, ஒரு பெரிய பரீட்சையைப் பல சிறு சோதனைகளாகப் பிரித்துவிடலாம். தவணை முழுவதற்கும் உரிய நூறு புள்ளியும் ஒரே ஒப்படையிற் கிடந்தால், அது பிள்ளையை அச்சுறுத்தும், பெற்றோரையும் அச்சுறுத்தும். அச்சமுற்ற தாய் பிள்ளைக்குப் பதிலாகத் தாமே எழுதிக் கொடுக்கத் துணிவார். ஐந்து ஐந்து புள்ளியாக இருபது சிறு வேலைகள் இருந்து, அவற்றுள் மிகக் குறைந்த நான்கு கணக்கில் எடுக்கப்படமாட்டா என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டால், ஒன்றிற் சறுக்கினாலும் பாதகமில்லை என்னும் ஆறுதல் உண்டாகும்.

ஐந்தாவதாக, காக்க முடியாததைத் தடை செய்யாதிருத்தல் அறிவுடைமை. வீட்டிலிருந்து எழுதும் பிள்ளை அகராதியைப் பார்க்கக்கூடாது என்று விதித்தால், அவ்விதியை மதிப்பவர் நட்டமடைவர், மீறுபவர் இலாபமடைவர். அகராதியை அனுமதித்துவிட்டு, அகராதியால் மட்டும் விடை காணமுடியாத வினாவைக் கேட்பதே நேர்வழி. ஒரே பொருள் தரும் இரண்டு ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து, அதிபருக்கு எழுதும் கடிதத்தில் எது பொருந்தும், நண்பனுக்கு எழுதுவதில் எது பொருந்தும் என்று கேட்கலாம். காரணத்தைத் தமிழிற் கூறவும் இடமளிக்கலாம். பொறி எழுதிய 'என் கிராமம்' என்னும் கட்டுரையையே வகுப்புக்குக் கொடுத்து, 'இதில் உன் கிராமத்துக்குப் பொருந்தாதவை எவை? அவற்றை மாற்றி எழுது' என்று பணிக்கலாம். மறைவில் நின்ற பொறி அப்பொழுது வகுப்பின் நடுவே வந்து, பிள்ளைகளின் தீர்ப்புக்கு ஆளாகின்றது.

ஆறாவதாக, எந்த உதவி தகும், எந்த உதவி தகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். ஒரு சொல்லின் பொருளைத் தமக்கையிடம் கேட்கலாம். வாக்கியத்தைத் தமக்கை எழுதித் தரக்கூடாது. எழுதி முடித்ததை அண்ணனுக்கு வாசித்துக் காட்டலாம். அவர் பேனை பிடிக்கக்கூடாது. ஒப்படையின் அடியில், 'எனக்கு உதவியவர் யார், என்ன உதவி செய்தார்' என்று ஒரு வரி எழுதும்படி கேட்டு, அதற்காகப் புள்ளி குறைக்கப்படமாட்டாது என்றும் உறுதி கூறினால், பிள்ளைகள் உண்மையை மறைக்கவேண்டிய தேவை குறையும். உதவி பெறுவது குற்றம், உதவியை மறைப்பது சாமர்த்தியம் என்னும் தவறான பாடம் அப்பொழுது கற்பிக்கப்படாது.

இவ்வளவு செய்தும் ஓர் ஒப்படை ஐயத்துக்கிடமாக வந்தால் என் செய்வது? சென்ற வாரம்வரை 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களை எங்கே இடுவதென்று அறியாதிருந்த பிள்ளை, இந்த வாரம் பத்திரிகை ஆசிரியர்போல் எழுதியிருந்தால், ஆசிரியர் மனம் துணுக்குறுவது இயல்பே. இங்கேதான் பெரும் அவதானம் தேவை. பொறி எழுதியதைக் கண்டுபிடிக்க வேறொரு பொறி உண்டென்று சிலர் நம்புகின்றனர். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அத்தகைய கருவியொன்றை வெளியிட்டது. பொறி எழுதியவற்றில் 26 வீதத்தை மட்டுமே அது கண்டுபிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 வீதத்தைப் பொறி எழுதியதென்று தவறாகச் சொல்லிற்று. துல்லியம் போதாதென்று அவ்வாண்டு யூலை மாதத்திலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

இதனினும் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023ஆம் ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கண்டுபிடிப்புக் கருவிகள் ஏழினிடம் கொடுத்துப் பார்த்தனர். அவை யாவும் மனிதர் எழுதியவை. இருந்தும் அக்கருவிகள், சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகளைப் பொறி எழுதியதென்று குற்றஞ்சாட்டின. காரணம் வெளிப்படை. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர் எளிய சொற்களையும் பழகிய வாக்கிய அமைப்புகளையும் கையாள்வர். அந்த எளிமையையே கருவிகள் பொறியின் அடையாளமாக எண்ணிவிட்டன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் எழுதுவதும் இத்தகைய ஆங்கிலமே. இரவெல்லாம் விழித்துத் தன் கையால் எழுதிய ஒரு பிள்ளையைக் கள்ளன் என்று கூறிவிட்டால், அப்பிள்ளை மீண்டும் ஆங்கிலத்திற் பேனை எடுக்குமா? நேர்மையற்ற பத்துப் பேர் தப்பிவிடுவதைக் காட்டிலும் அந்த ஓர் அநீதி கொடியது.

ஐயத்தைத் தீர்க்க மென்மையான வழி ஒன்றுண்டு. வில்சன் ரெய்லர் என்னும் அமெரிக்கர் 1953ஆம் ஆண்டில், ஒரு பந்தியிற் குறிப்பிட்ட இடைவெளியிற் சொற்களை நீக்கிவிட்டு, வெற்றிடங்களை வாசகரைக்கொண்டு நிரப்புவிக்கும் முறையொன்றை வெளியிட்டார். ஆங்கில ஆசிரியர் யாவரும் இன்று இடைவெளி நிரப்பும் பயிற்சியாக அறிந்திருப்பது அம்முறையோடு தொடர்புடையதே. அதனைப் பிள்ளையின் சொந்தக் கட்டுரையிலேயே கையாளலாம். 140 சொல் கொண்ட கட்டுரையில் ஏழாவது சொல்தோறும் நீக்கினால் இருபது வெற்றிடம் உண்டாகும். எழுதியவர் தம் சொற்களையோ அவற்றுக்கு நிகரான சொற்களையோ பெரும்பாலும் இட்டுவிடுவார்; கடன் வாங்கியவர் தயங்குவார். இச்சோதனையை வகுப்பு முழுவதற்கும் பொதுப் பயிற்சியாக வைத்தால் எவர் மனமும் நோகாது. இதன் முடிவையும் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. உரையாடலுக்கு ஒரு தொடக்கமாகக் கொள்வதே முறை.

வேறு சிலர், கமெராக்களைக் கொண்டு பிள்ளைகளை வீட்டிலும் கண்காணிக்கலாம் என்பர். ஒரே கைத்தொலைபேசியை மூன்று சகோதரர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அது நடவாத காரியம். தனியறை உள்ள பிள்ளைக்கு எளிதாயும், ஒற்றை அறைக்குள் முழுக் குடும்பமும் வாழும் பிள்ளைக்கு வெட்கமாயும் முடியும் சோதனையை நீதியான சோதனை என்று சொல்லுதல் பொருந்தாது.

இம்முறைகள் யாவும் ஆசிரியரின் வேலையைக் கூட்டுமன்றோ என்று கேட்பாரும் உளர். அது நியாயமான கேள்வி. நாற்பது வேறுபட்ட கட்டுரைகளை வாசிப்பது கடினமே. ஆயினும் ஆறு வாக்கியத்துக்கு மேற்படாத சிறு ஒப்படைகளைக் கொடுத்து, ஒரு வாரத்தில் வினையை மட்டும், மறுவாரத்தில் முன்னிடைச் சொற்களை மட்டும் என்று வரையறுத்துத் திருத்தினால் சுமை தாங்கத்தக்கதாகும். ஒரே கட்டுரையை நாற்பது தடவை வாசிக்கும் சலிப்பும் நீங்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை பழைய மண்டபத்திலேயே நடைபெறுகின்றது. அதற்கு இம்முறை உதவுமா என்று பெற்றோர் கேட்பர். மண்டபத்தில் அண்ணனும் இல்லை, பொறியும் இல்லை. வீட்டிலே தன் சொந்த வாக்கியத்தை எழுதிப் பழகிய பிள்ளைதான் அங்கே அஞ்சாமல் அமரும்.

எந்த வினாத்தாளும் வஞ்சகத்தை அடியோடு ஒழித்துவிடாது. சீனப் பேரரசின் காவலுக்கே அது அடங்கவில்லை. ஆனால் வஞ்சிப்பதற்கு வேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துவிடலாம். புள்ளியின் அச்சத்தைத் தணித்து, பிழைக்கு இடங்கொடுத்து, பிள்ளை கண்டதையும் கேட்டதையும் பற்றியே வினவும் ஆசிரியருக்கு, பிழை மலிந்ததாயினும் அந்தப் பிள்ளையின் சொந்த ஆங்கிலம் வந்து சேரும். திருத்துவதற்கு ஆசிரியர் கையில் ஏதேனும் இருக்கவேண்டும். குறையற்ற இரவல் வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. 'நேற்றுப் போகிறேன்' என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியனுப்பினால், ஆசிரியரின் வேலை அங்கிருந்து தொடங்குகின்றது.